பேஸ்மென்ற் பார்க்கப் போகிறீர்களா? நிலத்திலுள்ள வடிகாலையும் பாருங்கள்

ரொறன்ரோவுக்கு வந்து இறங்கும் எங்கள் ஆட்களில் அனேகம் பேருக்கு முதல் வீடு பேஸ்மென்ற்தான், அதாவது ஒரு வீட்டின் நிலத்தடித் தளம். வாடகை கொஞ்சம் குறைவு, மேலே தமிழ்க் குடும்பம், பஸ் கிட்ட. வீடு பார்க்கப் போனால் சமையலறையைப் பார்ப்போம், குளிருக்கு ஹீற்றர் ஒழுங்காக வேலை செய்யுமா என்று கேட்போம். வெள்ளத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. வெள்ளம் என்றால் குளம் உடைத்து வாசலால் வருவதுதானே எங்களுக்குத் தெரியும். இங்கே அது நிலத்துக்குள்ளால் வரும்.

2013 யூலை 8, திங்கட்கிழமை. நான் வந்து நாலு மாதம், எற்றோபிக்கோவில் ஒரு பேஸ்மென்றில் இருந்தேன். பின்னேரம் மழை கொட்டத் தொடங்கியது. பியர்சன் விமான நிலையத்தில் மட்டும் 126 மில்லிமீற்றர் பெய்ததாகப் பிறகு சொன்னார்கள். கரண்ட் போய்விட்டது. இருட்டில் வோஷிங் மெஷின் பக்கம் யாரோ வாய் கொப்பளிப்பது மாதிரி ஒரு சத்தம். ரோச் அடித்துப் பார்த்தால் நிலத்திலுள்ள வடிகால் மூடிக்குள்ளால் கறுப்பாகத் தண்ணீர் பொங்குகிறது, நாற்றம் சொல்ல முடியாது. கணுக்கால் அளவுக்குத்தான் வந்தது. ஆனால் என் சூட்கேஸ் கட்டிலுக்கு அடியில், வெறும் நிலத்தில் இருந்தது. அதற்குள்தான் எல்லாப் பேப்பரும். லாண்டிங் பேப்பரை, அதாவது கனடாவில் நிரந்தரமாக இருக்கத் தந்த பேப்பரை, அயன் பண்ணிக் காயவைத்த ஆள் நான்.

ஏன் இப்படி நடக்கிறது என்றால், பெருமழை வந்ததும் தெருவுக்குக் கீழே போகும் கழிவுக் குழாய் நிரம்பிவிடும். அதற்குமேல் போக இடமில்லாத தண்ணீர், அந்தக் குழாயோடு தொடுத்திருப்பதில் ஆகத் தாழ்வான ஓட்டை எதுவோ அதனால் திரும்பி வரும், அது உங்கள் பேஸ்மென்ற் நிலத்திலுள்ள வடிகால். ஆகவே, பக்கத்தில் ஆறில்லை, எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது என்று சொல்வதில் பெரிய அர்த்தமில்லை. ஆற்றோரத்தில் புதிதாக வீடு கட்ட இங்கே லேசில் விடமாட்டார்கள். 1954 இல் ஹேசல் சூறாவளியில் ஹம்பர் ஆறு பெருகி றேமோர் டிரைவ் என்ற ஒரு தெருவிலேயே முப்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், ஒன்ராறியோவில் மொத்தம் 81 பேர். அதற்குப் பிறகு பள்ளத்தாக்குகளில் கட்டுவதைத் தடுத்துப் பூங்காக்களாக விட்டார்கள். ஹைலண்ட் கிறீக், றூஜ் ஆறுகளின் பக்கம் நாங்கள் நடக்கப் போகும் பாதைகள் இருப்பதும் அப்படியான இடங்களில்தான். மழை நாளில் ஆறு பார்க்கவென்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போகாதீர்கள்.

சரி, வீடு பார்க்கும்போது என்ன செய்வது? முன்பு எப்போதாவது தண்ணீர் வந்ததா என்று நேரடியாகக் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. இல்லை என்றால் சுவரின் அடியைப் பாருங்கள். ஒரு அடி உயரம் வரைக்கும் மட்டும் புதுச் சுவரும் புதுப் பெயின்றும் இருந்தால் அதற்கு ஒரு கதை இருக்கும். வெளியிலிருந்து படி இறங்கி வரும் வீடு என்றால், கடைசிப் படிக்குக் கீழே ஒரு சின்ன வடிகால் இருக்கிறதா, அது இலை அடைத்துக் கிடக்கிறதா என்று காலால் தட்டிப் பாருங்கள். அது அடைத்தால் படிக்கட்டுக் குழி தொட்டி மாதிரி நிரம்பி, உங்கள் கதவைத்தான் தள்ளும். வேறு வழியால் வெளியேற முடியுமா, யன்னல் ஆள் போகிற அளவுக்குத் திறக்குமா என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

பாக்வோட்டர் வால்வு என்று ஒன்று இருக்கிறது. தெருக் குழாயிலிருந்து கழிவு திரும்பி வந்தால் தானாக மூடிக்கொள்ளும். சம்ப் பம்ப் என்பது அத்திவாரத்தைச் சுற்றிச் சேரும் தண்ணீரை வெளியே இறைப்பது. கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும், பற்றரியும் பூட்டியிருந்தால் நல்லது. இவற்றைப் பூட்ட வீட்டுச் சொந்தக்காரருக்கு ரொறன்ரோ நகரசபை உதவிப் பணம் கொடுக்கிற திட்டம் இருக்கிறது, வீட்டுக்காரருக்குத் தெரியாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். வால்வு இருக்கிற வீடுகளில் இன்னொரு சங்கதி, இதை யாரும் சொல்லித்தருவதில்லை. வால்வு மூடியிருக்கும்போது வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது. மேல்வீட்டில் ஒருவர் குளித்தாலோ, உடுப்புத் தோய்த்தாலோ, ரொயிலற்றை இழுத்துவிட்டாலோ அவ்வளவும் உங்கள் நிலத்தால்தான் வரும். ஆகவே கடும் மழை தொடங்கியதும் மேலே இருக்கும் அக்காவுக்கு ஒரு கோல் எடுத்து, மழை விடும்வரை தண்ணீர் பாவிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கொஞ்சம் சங்கடம்தான், ஆனால் சொல்லுங்கள்.

இன்சூரன்ஸ் வேண்டும். வீட்டுக்காரரின் இன்சூரன்ஸ் அவருடைய கட்டடத்துக்கு, உங்கள் கட்டிலுக்கும் லாப்டொப்புக்கும் இல்லை. வாடகைக்காரருக்கென்று தனியாக எடுக்கலாம். எடுக்கும்போது சூவர் பாக்கப், அதாவது கழிவுக் குழாயால் தண்ணீர் திரும்பி வந்தால் கிடைக்கிற காப்பு, இருக்கிறதா என்று அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் அது சாதாரண பொலிசியில் சேராது, மேலதிகமாகக் கட்டிச் சேர்க்க வேண்டும். வெளியிலிருந்து வரும் வெள்ளத்துக்கு இன்னொன்று, ஓவர்லாண்ட் என்பார்கள், அதையும் கேளுங்கள்.

செலவில்லாத வேலை, சாமானை உயர்த்துவது. பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், கேஸ் பேப்பர் எல்லாம் ஸிப் பூட்டுள்ள பிளாஸ்டிக் பைக்குள் போட்டு அலுமாரியின் மேல் தட்டில். ஒவ்வொன்றையும் படமெடுத்து உங்களுக்கே ஈமெயில் அனுப்பி வையுங்கள். அரிசி மூட்டையை நிலத்தில் வைக்காதீர்கள், எக்ஸ்டென்ஷன் வயரை நிலத்தில் ஓட விடாதீர்கள். ஒரு பையில் ரோச், பற்றரி, மருந்து, போன் சார்ஜர், பிள்ளை இருந்தால் பால்மா. குடிக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 2 லீற்றர் கணக்கில் மூன்று நாளுக்குத் தண்ணீர்.

தண்ணீர் வரத் தொடங்கினால் சாமான் காப்பாற்ற நிற்க வேண்டாம், மேலே போங்கள். சுவரிலுள்ள பிளக்கோ வயரோ நனைந்திருந்தால் அந்தத் தண்ணீருக்குள் கால் வைக்கவே கூடாது. பிரேக்கர் பெட்டியும் அனேகமாகப் பேஸ்மென்றிலேயே இருக்கும், காய்ந்த நிலத்தில் நின்று தொட முடிந்தால் மட்டும் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் மின்சாரக் கொம்பனியைக் கூப்பிடுங்கள். அப்பார்ட்மென்ற் ஆட்கள் நிலத்தடிப் பார்க்கிங்கில் நிற்கிற காரைப் பார்க்கப் போகிறேன் என்று லிப்டில் கீழே இறங்காதீர்கள். 2018 ஓகஸ்ட் 7 இல் ரொறன்ரோவில் இரண்டு பேர் அப்படி லிப்டுக்குள் அகப்பட்டு, கூரைக்குக் கீழே மூச்சுவிடக் கொஞ்ச இடம் மட்டும் மிஞ்சியிருக்க, பொலிஸ்காரர் நீந்திப் போய்க் கதவை நெம்பி எடுத்தார்கள். காரில் இருப்பவர்கள் தெருவில் தேங்கிய தண்ணீருக்குள் விடாதீர்கள், ஓடுகிற தண்ணீர் ஒரு அடி இருந்தாலே சின்னக் கார் இழுபட்டுப் போகலாம். டொன் ஆற்றோரமாகப் போகும் டொன் வலி பார்க்வே என்ற பெருந்தெரு பெருமழைக்கு மூழ்குவது 2013 இலும் நடந்தது, 2024 யூலையிலும் நடந்தது. உயிராபத்து என்றால் 911. ஆங்கிலம் வராவிட்டால் 'தமிழ்' என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருங்கள், மொழிபெயர்க்க ஆள் எடுப்பார்கள்.

வடிந்த பிறகு எதையும் எறிய முதல் படம் எடுங்கள், வீடியோவும் எடுங்கள். ரொறன்ரோவுக்குள் என்றால் நகரசபையின் 311 க்கு அடித்துச் சொல்லுங்கள், வீட்டுக்காரருக்கு ரெக்ஸ்ற்றிலோ ஈமெயிலிலோ எழுத்தில் அறிவியுங்கள். அது மலம் கலந்த தண்ணீர். றப்பர் பூட்ஸ், கையுறை இல்லாமல் இறங்கக் கூடாது, நனைந்த மெத்தை, காபெற், அரிசி, மா எல்லாம் குப்பைக்குத்தான். இரண்டு நாளுக்குள் காயவைக்காவிட்டால் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். திருத்துவது வீட்டுக்காரரின் பொறுப்பு. காசாக வாடகை கொடுக்கிறோம், பேப்பர் ஒன்றும் இல்லை என்று பயந்து பேசாமல் இருக்க வேண்டாம், ஒன்ராறியோவின் வாடகைச் சட்டம் உங்களுக்கும் செல்லும். சொந்தக்காரரோடு ஒரே சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொள்கிறவர்களுக்கு மட்டும் அது பொருந்தாது.

என் வீட்டுக்காரர் அடுத்த வருடம் வால்வு பூட்டினார். பூட்ட வந்த பிளம்பர் நிலத்தை உடைத்தபோது அதே நாற்றம் திரும்ப வந்தது. சூட்கேஸ் இப்போதும் என்னிடம் இருக்கிறது, அலுமாரிக்கு மேலே.