உடற்பயிற்சி ஆடைக்கு அளவு எடுக்கும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கடற்கரை நடைபாதையில் விடியற்காலையில் நடக்கத் தொடங்கும் நம் பெண்களுள் பலர், முதல் லெக்கின்ஸை வாங்கும்போது ரவிக்கைக்கு அளவு கொடுத்த பழக்கத்தையே கடைக்கும் கொண்டு செல்கிறார்கள். ரவிக்கையைத் தைப்பவர் உடலின் அளவுக்கு மேல் சற்றுத் தளர்வு விட்டுத் தைப்பார். ஸ்பான்டெக்ஸ் கலந்த துணியோ உடலைவிடச் சிறியதாகவே வெட்டப்பட்டு, அணியும்போது விரிந்து பிடித்துக்கொள்கிறது. ஆகவே, கையில் எடுத்தால் சிறுமியின் ஆடை போலத் தோன்றுகிறதே என்று பெரிய அளவுக்குத் தாவிவிடாதீர்கள்.

முதலில் மெல்லிய உள்ளாடையோடு நின்று, இஞ்ச் டேப்பைத் தரைக்கு இணையாகப் பிடித்து, மார்பின் எடுப்பான பகுதி, மார்புக்கு நேர் கீழ்ப்பகுதி, இடை, பிட்டத்தின் மிக அகன்ற பகுதி ஆகிய நான்கையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் சாயும்போது மடிப்பு விழும் இடமே இடை.

அடுத்து, கடையின் அளவு அட்டவணையோடு ஒப்பிடுங்கள். தென்னாப்பிரிக்க ஆடைகளில் காணும் 34, 36 போன்ற எண்கள் அங்குலங்கள் அல்ல. 34 என்பது பொதுவாகப் பிரிட்டிஷ் 10, அமெரிக்க 6 ஆகும். அமெரிக்க 10-ஐப் பிரிட்டிஷ் 10 என்று எண்ணி வாங்கினால் இரண்டு அளவு பெரிதாகிவிடும். நான் அப்படி வாங்கிய ஒன்று இன்று என் அக்காவின் அலமாரியில் இருக்கிறது.

லெக்கின்ஸுக்கு இடையும் பிட்டமும் வெவ்வேறு அளவுகளில் விழுந்தால், பிட்டத்தின் அளவை வைத்தே தேர்ந்தெடுத்து, இடையில் இறுக்கிக்கட்ட நாடா உள்ளதாகப் பாருங்கள்.

ஸ்போர்ட்ஸ் பிராவுக்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும். மார்புக்குக் கீழே 34 அங்குலமும் மார்பில் 37 அங்குலமும் இருந்தால், வேறுபாடு 3 அங்குலம். ஓர் அங்குலத்துக்கு ஒரு கப் (ஏ, பி, சி) என்ற கணக்கில் அது 34சி. தாங்கும் வேலையில் பெரும்பங்கு தோள்பட்டிக்கு அன்று, அடிப்பட்டைக்கே உரியது என்பதால், கைகளை உயர்த்தும்போது பட்டை முதுகில் மேலேறினால், பட்டையைக் குறைத்துக் கப்பைக் கூட்டி 32டி எடுத்துப் பாருங்கள். கொக்கி வைத்ததாயின், புதியது கடைசிக் கொக்கியிலேயே, அதாவது மிகத் தளர்வான நிலையிலேயே, பொருந்த வேண்டும். நாளடைவில் எலாஸ்டிக் தளரும்போது உள்கொக்கிகள் உதவும்.

இறுதியாக, உடைமாற்றும் அறையில் வெறுமனே நின்று பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். பத்து முறை குதியுங்கள். கண்ணாடிக்கு முதுகைக் காட்டி முழுவதும் குந்தி, துணி வெளிறி உள்ளே தெரிகிறதா என்று திரும்பிப் பாருங்கள். தெரிந்தால் துணி மெலிது, அல்லது அளவு சிறிது. எழுந்ததும் இடைப்பட்டையை மேலே இழுக்க நேர்ந்தால் அளவு பெரிது. ஜனவரிப் புழுக்கத்துக்குத் தொளதொளவென்று இருக்கட்டும் என்று நினைப்பவர்கள், அந்தத் தளர்வை மேற்சட்டையில் வைத்துக்கொள்ளலாம். வியர்வையில் நனைந்த தளர்ந்த லெக்கின்ஸ் தொடையிடுக்கில் சுருண்டு தோலை உராய்ந்துவிடும்.