படுத்திருக்கும்போதே தொடையைக் காப்பாற்றுங்கள்

இடுப்பு ஆபரேஷன் முடிந்த 10-ஆம் நாள், அப்பாவின் வேட்டி விலகியபோது தொடையைப் பார்த்துப் பதறிவிட்டேன். தோல் தொளதொளவென்று தொங்கியது. நோயில்லாத முதியவர்களே 10 நாள் படுத்தால் கால்களில் ஏறக்குறைய 1 கிலோ தசை கரைகிறது. இளையவர்களுக்கும் கரையும், சற்று மெதுவாக.

டாக்டர் சரி என்றதும், முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வையுங்கள். அதைக் கீழே அமுக்கி, 5 எண்ணும்வரை பிடிக்கச் சொல்லுங்கள், 10 தடவை. மூச்சை அடக்க விடாதீர்கள். உள்ளங்கையைத் தொடைமேல் வைத்துப் பாருங்கள், தசை இறுகுவது கைக்குத் தெரிய வேண்டும். அப்பாவுக்கு மூன்றாவது நாள்தான் தெரிந்தது. பாதத்தை மணிக்கொரு முறை மேலும் கீழும் ஆட்டட்டும்.

வெறும் கஞ்சி போதாது. மூன்று வேளையும் முட்டை, மீன், பருப்பு, தயிர் ஏதாவது சேருங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் தேய்க்காதீர்கள், உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.