நாட்டு விதை தொலையும் இடங்கள்: இராமநாதபுரம் கடற்கரை வீட்டுத் தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேவிபட்டினத்திலிருந்து உச்சிப்புளி, மண்டபம் வரையிலும், தெற்கே கீழக்கரை, ஏர்வாடி வரையிலும் கடலோர வீடுகளில் நாட்டு விதைகளைத் தேடி வாங்கி நடும் ஆர்வம் பெருகியிருக்கிறது. முதல் ஆண்டு கத்தரியும் சுரையும் நன்றாகவே காய்க்கின்றன. இரண்டாம் ஆண்டு காயின் வடிவமும் ருசியும் மாறுகின்றன. மூன்றாம் ஆண்டு மீண்டும் விதைக்கு வெளியூரில் கைநீட்ட வேண்டியதாகிறது. செடி வளர்ப்பில் நேரும் பிழைகள் ஒரு பருவத்து விளைச்சலைத்தான் கெடுக்கும். பூ பூத்த நாள் முதல் விதைப் புட்டியை மூடும் நாள் வரை நேரும் பிழைகளோ அந்த ரகத்தையே வீட்டை விட்டு அனுப்பிவிடும். ஆகவே அவற்றைப் பற்றியே இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

அதற்கு முன், பொட்டலத்தின் மேல் ‘நாட்டு’ என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிடுவது ஒரு தவறு. எஃப்1 என்று குறிப்பிட்டிருந்தால் அது வீரிய ஒட்டுரகம். அதன் காயிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியைப் போல ஒரே சீராக வராது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 தக்காளி போன்றவை பாரம்பரிய ரகங்கள் அல்ல என்றாலும் ஒட்டுரகங்களும் அல்ல. அவற்றின் விதையை எடுத்து மறுபடி விதைக்கலாம். கேரட், முட்டைக்கோசு போன்றவற்றைப் பாரம்பரிய ரகம் என்று வாங்கினாலும் பூத்து விதை கட்டுவதற்கு அவற்றுக்கு நீண்ட நாள் குளிர் தேவைப்படுவதால், நம் கடற்கரையில் அவற்றின் விதையைத் தொடர்ந்து காப்பது நடவாது.

இரண்டாவது பிழை பட்டம் பற்றியது. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்னும் முதுமொழியை இம்மண்ணில் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிப்பவர்கள், ஆடியில் மணலை வாரி அடிக்கும் கச்சான் காற்றிலும் உப்பேறிய கிணற்று நீரிலும் இளநாற்றுகளைப் பறிகொடுக்கிறார்கள். நம் மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழி வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால்தான் கிடைக்கிறது. மானாவாரியாக விளையும் உருண்டையான முண்டு மிளகாயை நம் விவசாயிகள் புரட்டாசியை ஒட்டி விதைப்பதும் இதனால்தான். கிணற்றில் நல்ல தண்ணீர் இருப்பவர்கள் ஆடியில் பனையோலைத் தடுப்பு கட்டி நாற்று விடலாம். மற்றவர்கள் புரட்டாசி வரை காத்திருப்பதே நல்லது.

மண்ணுக்கும் நீருக்கும் வருவோம். தினமும் மாலையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதால் உப்பு வேர்ப்பகுதியிலேயே தங்கிவிடுகிறது. இடைவெளி விட்டு, ஊற்றும்போது ஆழமாக ஊற்றினால், நம் மணற்பாங்கான மண்ணில் உப்பு கீழே கழுவப்படும். சுவைத்தால் உப்புக் கரிக்கும் நீரை இலைமேல் ஊற்றவே கூடாது. தொட்டியில் பிடித்து வைத்த மழைநீரை நாற்றுப் பருவத்துக்கும், உப்பை மிகக் குறைவாகத் தாங்கும் அவரை இனத்துக்கும் ஒதுக்கி வையுங்கள். சிப்பித் துகள் கலந்த கடற்கரை மணலில் சுண்ணாம்பு ஏற்கெனவே மிகுதி. அதில் அடுப்புச் சாம்பலையும் அள்ளிக் கொட்டினால் காரத்தன்மை இன்னும் ஏறி, இரும்புச்சத்தைச் செடியால் எடுக்க முடியாமல், நரம்பு மட்டும் பச்சையாக நிற்க இலை மஞ்சளாகும். அதைப் பார்த்து உரம் போதவில்லை என்று நினைத்து மீண்டும் சாம்பல் இடுபவர்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கண்மாய் வண்டலும் நன்கு மட்கிய தொழு உரமுமே இந்த மண்ணுக்கு ஏற்றவை. தென்னைநார்க் கழிவைப் பயன்படுத்துவதாயிருந்தால் நல்ல நீரில் பலமுறை அலசிய பின்பே கலக்க வேண்டும்.

இனி, ரகம் கலந்துபோவது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாயையும் நீண்ட சம்பா மிளகாயையும் ஒரே பாத்தியில் நட்டால், தேனீக்கள் ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றுக்குக் கொண்டு போகும். அந்த ஆண்டுக் காயில் எந்த மாற்றமும் தெரியாது. காயின் வடிவம் தாய்ச்செடிக்கு உரியது. கலப்பு உள்ளே விதையில் ஒளிந்திருந்து, அடுத்த ஆண்டு அந்த விதை முளைத்துக் காய்க்கும்போதுதான் உருண்டையும் நீளமும் அல்லாத காயாக வெளிப்படும். ‘இந்த ஆண்டு காய் சரியாகத்தானே இருந்தது’ என்று பலர் ஏமாறுவது இந்த ஓராண்டு இடைவெளியால்தான். மிளகாய், கத்தரி, வெண்டை மூன்றுக்கும் இந்த ஆபத்து உண்டு. விதைக்கென்று ஒதுக்கிய செடியில் நாலைந்து மொட்டுகளை விரியும் முன்பே மெல்லிய வலைத்துணிப் பையால் மூடி, காய் பிடித்தபின் பையைக் கழற்றிக் காம்பில் நூல் கட்டி வைத்தால் போதும். தக்காளியும் அவரையும் பெரும்பாலும் தாமே கருவுறுவதால் சில அடி இடைவெளியிலேயே ஓரளவு தப்பிவிடும்.

கொடிக் காய்களில் எது எதனோடு சேரும் என்று தெரியாமல் அஞ்சுவதும் தவறு, அலட்சியமாக இருப்பதும் தவறு. சுரையும் புடலையும் ஒரே பந்தலில் படர்ந்தாலும் கலவா; பரங்கிக்கும் சாம்பல் பூசணிக்கும் உறவில்லை. ஆனால் குடுவைச் சுரையும் நீட்டுச் சுரையும் ஒன்றோடொன்று கலக்கும்; பீர்க்கும் நுரைப்பீர்க்கும் கலக்கக் கூடியவை. வீட்டுத் தோட்டத்தில் இவற்றைத் தூரத்தால் பிரிக்க இடம் போதாது, ஏனெனில் தேனீ பக்கத்துத் தெருவிலிருந்தும் வரும். கையால் மகரந்தம் சேர்ப்பதே வழி. பரங்கியும் பாகலும் காலையில் பூப்பவை; சுரையும் பீர்க்கும் புடலையும் மாலையில் பூப்பவை. அடுத்த வேளையில் விரியப்போகும் ஆண்மொட்டையும் பிஞ்சோடு கூடிய பெண்மொட்டையும் முன்கூட்டியே நூலால் கட்டிவிட்டு, பூக்கும் வேளையில் ஆண்பூவின் இதழை உரித்து, அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவிலுள்ள சூல்முடியில் தடவி, மறுபடியும் கட்டிவிட வேண்டும். காலையில் சுரைப்பூவைத் தேடிப் போகிறவருக்கு வாடிய இதழ்தான் கிடைக்கும்.

கலப்பால் ருசி மட்டுமே கெடும் என்று எண்ண வேண்டாம். கசக்கும் சுரைக்காயில் குக்குர்பிட்டசின் என்னும் நச்சுப்பொருள் இருக்கிறது. நறுக்கும்போது ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் துப்பிவிட்டு முழுவதையும் எறிந்துவிடுங்கள். அந்தக் கொடியிலிருந்து விதையும் எடுக்காதீர்கள்.

எல்லாவற்றிலும் என்னை மிகவும் வருத்துவது, நல்ல காயைச் சமைத்துவிட்டு, பறிக்க மறந்து முற்றிப்போன கடைசிக் காயை விதைக்கு விடும் பழக்கம். அது பெரும்பாலும் செடி ஓய்ந்துபோன காலத்தில், பூச்சி கடித்த கிளையில் பிடித்த காய். ஆண்டுதோறும் இப்படிச் செய்தால் நலிந்த செடிகளையே நாம் பெருக்குகிறோம். எங்கள் அம்மா முதற்காய்களைப் பறித்தபின் வரும் நடுப்பருவக் காய்களில் விதைக்காயைத் தேர்ந்து காம்பில் சிவப்புத் துணி கட்டிவிடுவார்; அதன்பின் வீட்டில் வேறு காய் இல்லாவிட்டாலும் அதில் யாரும் கைவைக்கக் கூடாது. ஒரே செடியின் காயோடு நிறுத்தாமல், முடிந்த அளவு பல செடிகளிலிருந்து விதை எடுத்தால் வீரியம் குன்றாது. கத்தரி மஞ்சளாகிப் பழுக்க வேண்டும். வெண்டை செடியிலேயே காய்ந்து வெடிக்கத் தொடங்க வேண்டும். சுரை ஓடு இறுகி, ஆட்டினால் உள்ளே விதை குலுங்க வேண்டும். தக்காளி விதையை அதன் சாற்றோடு புளிக்கவைப்பது நல்ல முறைதான், ஆனால் நம் வெயிலில் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் விட்டால் கிண்ணத்திலேயே முளைவிடும்.

கடற்காற்றின் ஈரம் விதைக்குப் பெரும் பகை. நிழலில், காற்றோட்டத்தில், பல நாள் உலர்த்திய விதையைக்கூடத் துணிப்பையில் கட்டி அடுக்களைப் பரணில் வைத்தால், ஐப்பசி ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். உலர்ந்த விதையின் ஈரப்பதம் ஒரு விழுக்காடு குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது விதை சேமிப்பில் பொதுவாகக் கொள்ளப்படும் கணக்கு. ஆகவே சலித்து நன்கு உலர்த்திய சாம்பலையோ சிலிக்கா ஜெல்லையோ அடியில் இட்டு, கண்ணாடிப் புட்டியில் இறுக மூடுங்கள். மண்ணில் வேண்டாம் என்ற அதே சாம்பலுக்கு இங்கேதான் இடம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த புட்டியை உடனே திறந்தால் உள்ளே வியர்க்கும். அறைச்சூடு ஏறிய பின்பே திறக்க வேண்டும்.

பூக்களில் பிழைகள் குறைவு. தங்கச்சிமடத்து நாற்றங்கால்களில் கிடைக்கும் குண்டுமல்லி பதியத்தாலும் வேர்விட்ட தண்டாலும் பெருகுவது; விதைக்காகக் காத்திருப்பது வீண். டெல்லி கனகாம்பரம் மும்மடிய ரகம், அதாவது குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதில் மூன்று உள்ளது, ஆதலால் விதை பிடிக்காது; நாட்டுக் கனகாம்பரத்தின் விதைக்காய் ஈரம் பட்டதும் வெடித்துச் சிதறும் என்பதால் மழைக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். காசித்தும்பையும் தொட்டால் வெடிக்கும். செண்டுப்பூவில் நிறங்கள் கலந்துவிடும். ஒரே நிறம் வேண்டுமானால் ஒரே நிறத்தை மட்டும் நட வேண்டும்.

புட்டியின்மேல் ரகத்தின் பெயர், எந்த வீட்டிலிருந்து வந்தது, எடுத்த மாதம், ஆண்டு ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். மறதி வந்தபின் எல்லாச் சுரை விதையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எடுத்த விதையில் ஒரு பிடியை வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு ஒவ்வோர் ஆண்டும் தந்துவிடுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் புட்டிகளில் வண்டு விழுந்தபோது, பெரியம்மா வீட்டில் கொடுத்து வைத்திருந்த பிடி விதையிலிருந்துதான் எங்கள் குடுவைச் சுரை திரும்பி வந்தது.