ஊமத்தை: பழகிய செடி என்பதால் செய்யும் தவறுகள்

கடற்கரை மணல்மேடு, தரிசு, குப்பைமேடு என்று எங்கே மண் கிளறிக் கிடக்கிறதோ அங்கெல்லாம் ஊமத்தை தானாக முளைத்துவிடும். கத்தரிக்கும் தக்காளிக்கும் சொந்தக்காரச் செடிதான். சிவனுக்குச் சாத்துகிற பூ வேறா, யாருக்கும் பயமே இருப்பதில்லை. ஆனால் பித்து என்று பொருள்படும் 'உன்மத்தம்' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

அட்ரோபின், ஸ்கோபோலமின் என்ற நச்சுகள் செடி முழுக்க உண்டு. கொதிக்க வைத்தால் போய்விடும் என்று நினைப்பது தவறு. இதன் பங்காளிச் செடி ஒன்றைக் கீரையென்று சமைத்துத் தின்ற ஆங்கிலேயச் சிப்பாய்கள், 1676-இல் அமெரிக்காவின் ஜேம்ஸ்டவுனில் 11 நாள் புத்தி பேதலித்துக் கிடந்தார்கள்.

விதையில் இன்னும் கவனம் வேண்டும். முள்காய் வெடித்துக் கொட்டும் விதை, பார்வைக்கு மிளகாய் விதை மாதிரியே இருக்கும். உள்ளங்கையில் வைத்து உற்றுப் பாருங்கள்: மிளகாய் விதை வட்டமாக, வழுவழுப்பாக இருக்கும், ஊமத்தை விதை ஒரு பக்கம் வளைந்து, மேலே குழி குழியாக இருக்கும். சந்தேகம் தீர வாயில் போட்டு மட்டும் பார்க்காதீர்கள்.

மூச்சிழுப்புக்கு (ஆஸ்துமாவுக்கு) இலையைச் சுருட்டிப் புகைப்பது ஒரு பழைய பழக்கம். ஒவ்வொரு இலையிலும் நச்சின் அளவு வேறுபடும் என்பதால் அது சூதாட்டம்தான். ஊமத்தை இலைச்சாற்றில் காய்ச்சும் சித்த மருந்தான மத்தன் தைலம் இருக்கிறதே என்பார்கள். அது புண்ணுக்கு மேலே பூசுவது, சரி, குடிப்பதற்கல்ல.

செடியைப் பிடுங்கிய கையால் கண்ணைக் கசக்குவதும் வேண்டாம். நான் ஒருமுறை வேலியோரம் களை பறித்துவிட்டு வியர்வையைத் துடைத்தேன். அப்புறம் கண்ணாடியில் பார்த்தால் ஒரு கண்ணின் பாவை மட்டும் அகலமாக விரிந்திருந்தது. எழுத்தெல்லாம் மங்கல்.

பெரிய தவறு நடப்பது யாராவது தின்ற பிறகுதான். அரை மணி, ஒரு மணி நேரத்தில் வாய் வறளும், முகம் சிவக்கும், உடம்பு கொதிக்கும், நெஞ்சு படபடக்கும். ஆள் உளறுவார், இல்லாத நூலைக் காற்றில் பிடித்து இழுப்பார். வீட்டில் இருப்பவர்கள் குடித்திருக்கிறான் என்று படுக்க வைப்பார்கள், இல்லையென்றால் காத்துக்கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். பொன்னான நேரம் அதில் போய்விடும். உப்புத் தண்ணீர், புளிக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதும் ஆபத்து. நினைவு தடுமாறுகிறவருக்கு வாந்தி நுரையீரலுக்குள் போகலாம். 108-ஐ அழையுங்கள். மீதியிருக்கும் காயையோ இலையையோ ஒரு பையில் போட்டு, கூடவே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.