ரியூசன் வாசலும் இரவுப் புட்டும்: குடும்ப நேரத்துக்குள் உடற்பயிற்சியும் நல்ல சாப்பாடும்

வேலை, பிள்ளைகளின் படிப்பு, வீட்டிலுள்ள பெரியவர்கள் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கவனித்துக்கொண்டு உடற்பயிற்சியைத் தொடங்க நினைப்பவர்களுக்காக இந்த விளக்கத்தை எழுதுகிறேன். உடற்பயிற்சி ஏன் தேவை என்பதை இங்கே விளக்கப்போவதில்லை. அது தெரிந்துதான் இதை வாசிக்க வந்திருப்பீர்கள். வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்றும், அத்துடன் வாரத்தில் இரண்டு நாட்களாவது தசைகளை வலுவாக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்றும் உலக சுகாதார அமைப்பு 2020 இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகிறது. குறைந்தபட்ச அளவை ஏழு நாட்களுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 22 நிமிடமளவில்தான் வரும். அந்த நிமிடங்களுக்காகத் தனி நேரமும், சாப்பாட்டுக்காகத் தனிச் சமையலும் தேடத் தொடங்கினால் இரண்டாம் மாதத்துக்குள் எல்லாம் கைவிடப்பட்டுவிடும் என்பது என் கருத்து. ஏற்கனவே காத்திருப்பில் கழியும் நேரத்தையும் ஏற்கனவே அடுப்பிலிருக்கும் கறிச்சட்டியையும் பயன்படுத்துவதே இங்கே சொல்லப்படும் முறை.

படி 1: அசைக்க முடியாத நேரங்களை எழுதுங்கள்

ஒரு தாளில் ஏழு நாட்களையும் கோடிட்டு, பாடசாலை, அலுவலகம், ரியூசன், கோயில், சந்தை எனத் தள்ளிவைக்க முடியாதவற்றை மட்டும் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டுங்கள். பின்னர், நீங்கள் ஓரிடத்தில் இருந்தே ஆகவேண்டும், ஆனால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற நேரங்களைத் தேடி வட்டமிடுங்கள். என் தாளில் மிகப் பெரிய வட்டம் மகனின் ரியூசன் வாசலில் விழுந்தது. புலமைப்பரிசில் வகுப்புக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட பெற்றோர், மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த ஒன்றரை மணித்தியாலம், வாரத்தில் இரண்டு நாள் கிடைத்தாலே 150 நிமிடத்தைத் தாண்டிவிடும்.

படி 2: காத்திருக்கும் நேரத்தில் நடங்கள்

வேகத்தை அளக்கக் கைக்கடிகாரக் கருவி எதுவும் வேண்டாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுவே மிதமான வேகம். திருகோணமலை நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு டச்சுக்குடாக் கரையும், பிரட்ரிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் வீதியும் போதுமானவை. ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் நின்றுவிடாமல் வேகத்தை மட்டும் குறையுங்கள். கோட்டைக்குள் வீதியின் குறுக்கே படுத்திருக்கும் மான்கள் எப்படியும் சில இடங்களில் உங்களை நிறுத்திவிடும். மணலில் நடப்பதற்கு உறுதியான தரையில் நடப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். ஆகவே முதல் வாரங்களில் அலை நனைத்து இறுகிய ஓரத்தில் மட்டும் நடந்து, கெண்டைக்கால் பழகிய பின்னரே பொலபொலத்த மணலுக்குப் போவது நல்லது.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் பிற்பகல் நான்கு மணிக்கும் தார்வீதி சுடும். அந்தக் காலத்தில் நடையை விடியற்காலைக்கு மாற்றுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் வெளியே போவதை நம்பித் திட்டமிடாதீர்கள். வீட்டு வாசற்படியின் கடைசிப் படியில் இருபது நிமிடம் ஏறி இறங்குவது பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம், நடைக்கு ஈடான பயிற்சிதான்.

படி 3: வாரத்தில் இரண்டு நாள், சோறு அவியும் நேரத்தில் தசைப் பயிற்சி

சிவப்பரிசிச் சோறு அவிந்து வடியும் வரையுள்ள நேரத்தில் நான்கு அசைவுகளைச் செய்து முடிக்கலாம். முதலாவது, கதிரையில் அமர்ந்து கையூன்றாமல் எழும்புவது. இரண்டாவது, சுவரில் கையூன்றித் தண்டால் எடுப்பது. அது எளிதானதும் மேசை விளிம்புக்கும், பின்னர் தரைக்கும் இறங்குங்கள். மூன்றாவது, பிள்ளையின் பழைய புத்தகப் பைக்குள் அரிசிப் பொதிகளை வைத்து, முன்னே குனிந்து, முழங்கையைப் பின்னால் இழுத்துப் பையை இடுப்புவரை உயர்த்துவது. நான்காவது, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்திப் பிடிப்பது. ஒவ்வொன்றையும் 8 முதல் 12 தடவை வரை, இரண்டு சுற்றுச் செய்யுங்கள். பன்னிரண்டும் சிரமமில்லாமல் முடிந்தால் பையில் இன்னும் ஒரு கிலோ ஏற்றுங்கள். எடை கூடாவிட்டால் தசைக்கு மாற வேண்டிய தேவை இல்லை. ஒரே தசைக்கு அடுத்த பயிற்சிக்கு முன் இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். தொடக்கத்தில் பயிற்சிக்கு அடுத்த நாளும் மறுநாளும் வரும் தசைநோவு வழக்கமானது. மூட்டில் குத்துவது போன்ற வலியும் நெஞ்சு இறுக்கமும் வழக்கமானவை அல்ல, அவற்றுக்கு வைத்தியரிடம் போங்கள்.

உபகரணம் வாங்கத்தான் வேண்டுமென்றால் டம்பெல்லை விட்டுவிட்டு ஒரு ரப்பர் பட்டியை வாங்குங்கள். அலுமாரிக்குள் அடங்கும், காலில் விழாது. எடை பார்க்கும் தராசைவிடத் தையற்காரரின் அளவு நாடாவையே நான் நம்புகிறேன். நேற்றுக் குடித்த தண்ணீருக்கும் சாப்பிட்ட கருவாட்டுக்கும் தராசு முள் ஆடும். இடுப்புச் சுற்றளவு அப்படி ஆடாது.

படி 4: அகப்பை உங்கள் கையில் இருக்க வேண்டும்

பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நம் வீடுகளில் சாப்பிடுபவர் தன் அளவைத் தானே தீர்மானிப்பதில்லை, பரிமாறுபவரே தீர்மானிக்கிறார். "போதும்" என்று கையை மறைத்தால் அது மரியாதைக்குச் சொன்னதாகவே எடுக்கப்படும், இன்னும் ஒரு அகப்பை விழும். "இவ்வளவு சோத்தோட எழும்பினா வேலை செய்ய ஏலுமே பிள்ளை?" என்று என் மாமி கேட்பதில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்த அன்போடு வாதாடுவதில் பயனில்லை என்பதால், பரிமாறும் வேலையையே நான் எடுத்துக்கொண்டேன். எல்லோருக்கும் போட்டுக் கொடுத்துவிட்டுக் கடைசியில் என் தட்டை நானே நிரப்புகிறேன். முதலில் மரக்கறியும் கீரையும் பாதித் தட்டுக்கு, அடுத்து மீனும் பருப்பும், மிஞ்சிய இடத்தில் சோறு. சோறு முதலில் விழுந்தால் கறிக்கு இடமிருக்காது. வரிசையை மாற்றினால் அளவு தானாகவே மாறுகிறது. சமையலில் எதுவும் மாறாததால், வீட்டில் எவரும் இதை 'டயட்' என்று சொல்லிக் கேலி செய்யவும் வழியில்லை.

இனிப் புரதக் கணக்கு. தசைப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் இருந்தால் நல்லது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது குறைந்தது 72 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராமளவு, ஒரு கோப்பை அவித்த பயற்றில் 14 கிராம் உண்டு. மீன் கறியும் பருப்பும் சேரும் மத்தியானச் சாப்பாட்டில் நமக்குக் குறையே இல்லை. குறை இருப்பது காலையிலும் இரவிலும். புட்டு, சம்பல், சொதி மூன்றும் சேர்ந்த ஒரு நேரச் சாப்பாட்டில் புரதம் மிகச் சொற்பம்; அதேவேளை மூன்றிலும் தேங்காய் இருக்கிறது. 100 கிராம் தேங்காய்ப்பூவில் 350 கலோரியளவு உண்டு.

ஆகவே எங்கள் வீட்டுக்கு ஒரு விதி வைத்தேன்: ஒரே சாப்பாட்டில் தேங்காய் இரண்டு இடத்தில் வரலாம், மூன்று இடத்தில் வரக் கூடாது. இரவுப் புட்டுக்குச் சம்பல் இருந்தால் சொதிக்குப் பதிலாக மத்தியானத்து மீன் குழம்பு. சொதி இருந்தால் சம்பலுக்குப் பதிலாக வெறும் வெங்காயமும் செத்தல் மிளகாயும் இடித்த கட்டைச் சம்பல். மாவில் பாதியைக் குரக்கனாக மாற்றலாம். அதைவிட எளிது முருங்கையிலைப் புட்டு. கழுவி உலர்த்திய இலையைப் பொடியாக அரிந்து, குழைத்த மாவோடு உதிரியாகப் பிசறி, தேங்காய்ப்பூவைப் பாதியாகக் குறைத்து அவியுங்கள். இலையில் ஈரம் நின்றால் மா கட்டிபட்டு நடுவில் வேகாமல் நிற்கும். சுளகில் பரப்பிக் காற்றுப் படவிட்ட பிறகே அரியுங்கள்.

காலைக்கு, ஞாயிறு இரவு அரைக் கிலோ கடலையும் அரைக் கிலோ பயறும் ஊறவைத்து, மறுநாள் காலை அவித்து, சிறு பெட்டிகளாகப் பிரித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். பாணோ இடியப்பமோ எதுவானாலும் பக்கத்தில் ஒரு பெட்டி வந்துவிடும். மீனுக்கு அறக்குளாவும் பாரையும்தான் வேண்டும் என்பதில்லை; சூடையும் சாளையும் விலையில் மலிவு, நல்ல கொழுப்பு அவற்றில்தான் அதிகம். புரத மா டப்பாக்களுக்குச் செலவழிக்கும் பணத்தை மீன்காரரிடம் கொடுங்கள் என்பதே என் பிடிவாதமான கருத்து.

சிறுநீரக நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களும் பயிற்சி நேரத்தை வைத்தியரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். வெறுவயிற்று நடையில் இரத்தச் சீனி திடீரென இறங்கலாம்.

படி 5: தேநீர்

இரண்டு கரண்டிச் சீனி வீதம் நான்கு தேநீர் என்றால் நாளுக்கு 32 முதல் 40 கிராம். 2000 கலோரி உண்பவருக்கு 50 கிராம் உச்ச எல்லை என்றும் 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்றும் உலக சுகாதார அமைப்பின் கணக்கு சொல்லுகிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அரைக் கரண்டி குறையுங்கள், நாக்குப் பழகும். பனங்கட்டிக்கு மாறுவது சீனியைக் குறைப்பதாகாது.

பின்சேர்ப்பு

இதை வாசித்தவர்கள் கேட்டவற்றில் மூன்றுக்கு இங்கே பதில் சேர்க்கிறேன்.

வெள்ளிக்கிழமை சைவம் என்றால் புரதத்துக்கு என்ன வழி என்று பலர் கேட்டிருந்தார்கள். அன்று பருப்பை இரு மடங்காக்கி, மத்தியானம் சோயாமீற்றோ கடலைக் கறியோ வையுங்கள். இரவில் கந்தளாய் வீதியோரம் வாங்கிய சட்டித் தயிரில் ஒரு கோப்பை, சீனியில்லாமல். கந்தசஷ்டி போன்ற விரத நாட்களில் தசைப் பயிற்சியை நிறுத்திவிட்டு மெதுநடையோடு நின்றுகொள்ளுங்கள். நோன்பு காலத்தில் பயிற்சி செய்யும் முஸ்லிம் சகோதரிகள், நோன்பு திறந்து ஒரு மணித்தியாலத்துக்குப் பின்னர் செய்வதே தங்களுக்குச் சரிப்பட்டு வருவதாகச் சொல்கிறார்கள்.

வைத்தியசாலையிலும் துறைமுகத்திலும் முறைவேலை செய்பவர்களுக்குக் கிழமைத் தாள் பொருந்தவில்லை. அவர்கள் நாட்களின் பெயரை விட்டுவிட்டு, 'பகல் வேலைக்குப் பின்', 'இரவு வேலைக்கு முன்' என்று முறையின் பெயரில் கோடிட வேண்டும். இரவு வேலை முடிந்து வந்த காலையில் பயிற்சி வேண்டாம், தூக்கமே முதலில்.

முழங்கால் நோவுள்ள ஒருவர் கதிரையிலிருந்து எழும்பவே முடியவில்லை என்று எழுதியிருந்தார். கதிரையில் இரண்டு தலையணைகளை அடுக்கி உயரத்தைக் கூட்டுங்கள். பத்துத் தடவை நோவின்றி எழும்ப முடிந்ததும் ஒரு தலையணையை எடுத்துவிடுங்கள். கதிரை வழுக்காமல் இருக்க அதன் முதுகைச் சுவரோடு ஒட்டிப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.