எந்தக் கல்மரத்தை டம்ப்ளரில் போடலாம்?

அரிசோனாவில் கல் சேர்க்க ஆரம்பிப்பவர்கள் ஒரு துண்டைக் கையில் கொண்டுவந்து இரண்டு விஷயம் கேட்பார்கள். இது கல்மரம்தானா, அதாவது கல்லாகிப்போன பழங்கால மரம்தானா? கற்களைப் பொடியோடும் தண்ணீரோடும் உருட்டி மெருகேற்றும் டம்ப்ளர் இயந்திரத்தில் போட்டால் பளபளப்பு ஏறுமா? முதல் கேள்விக்கு ஆமாம் என்றால் இரண்டாவதுக்கும் ஆமாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பல நேரம் அது நேர்மாறாகத்தான் இருக்கும். அச்சு அசல் விறகு மாதிரி நார் நாராகத் தெரியும் துண்டு, டம்ப்ளரின் சுழலும் பீப்பாய்க்குள் சிலாம்பு சிலாம்பாகக் கழன்றுபோகும். மரம் என்று சொன்னால் யாரும் நம்பாத, சிவப்பும் மஞ்சளுமாக உருண்டு கிடக்கும் துண்டுதான் அருமையாக மெருகேறும்.

எங்கே எடுப்பது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹோல்புரூக் பக்கத்தில் இருக்கும் பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட் தேசியப் பூங்காவில் ஒரு துணுக்கைக்கூட எடுக்கக் கூடாது. எடுத்துப்போனவர்கள் மனம் உறுத்தி மன்னிப்புக் கடிதத்தோடு திருப்பி அனுப்பும் கற்கள் அங்கே ஒரு குவியலாகவே கிடக்கின்றன. எந்த இடத்தில் எடுத்தது என்று தெரியாததால் அவற்றை மறுபடி நிலத்தில் வைக்க முடியாது, ஆய்வுக்கும் உதவாது. எனக்கு அந்தக் குவியலைப் பார்க்கவே பொறுக்கவில்லை. வெளியே, அமெரிக்க மத்திய அரசின் நிலமேலாண்மைத் துறைக்குச் சொந்தமான திறந்த நிலங்களில், சொந்த உபயோகத்துக்கு ஒருவர் ஒரு நாளைக்கு 25 பவுண்டும் கூடவே ஒரு துண்டும், ஆண்டுக்கு 250 பவுண்டு வரையும் எடுக்கலாம். விற்கக் கூடாது. அதற்கும் அலையாதவர்கள், ஹோல்புரூக்கில் தனியார் நிலத்திலிருந்து எடுத்து விற்கும் கடைகளில் உடைசல் துண்டுகளை எடை போட்டு வாங்கிக்கொள்ளலாம். ஊருக்குப் போகும்போது, தமிழ்நாட்டில் கல்மரங்கள் கிடக்கும் நம் திருவக்கரையில் இருந்து ஒன்று கொண்டுவரலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடாது. அது தேசியப் புவியியல் நினைவுச் சின்னம். போய்ப் பாருங்கள், கையை மட்டும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மரமா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது? ஒரே பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மரமல்லாத, ஆனால் கோடு கோடாக இருக்கும் ஜாஸ்பர், ரயோலைட் போன்ற கற்கள் எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கின்றன. மரத்துக்கு மூன்று முகம் உண்டு: குறுக்கே வெட்டினால் ஒரு தோற்றம், நடுவிலிருந்து பட்டை நோக்கிப் பிளந்தால் இன்னொன்று, பட்டையை ஒட்டிச் சீவினால் மூன்றாவது. அடுக்கு அடுக்காகப் படிந்த கல்லில் கோடுகள் தட்டையாக, ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும். மரத்தில் குறுக்கு முகத்துக் கோடுகள் வளைந்திருக்கும். அந்த வளைவுகளை மனதுக்குள் நீட்டினால் எல்லாம் ஒரு மையத்தைச் சுற்றி வரும். அந்த முகத்தை நனைத்து, 10 மடங்கு லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்து, வெயிலில் பாருங்கள். ஊசியிலை மரமாக இருந்து செல் அமைப்பும் தப்பியிருந்தால், மிக நுணுக்கமான கட்டங்கள் ஆரம் ஆரமாக வரிசை பிடித்து நிற்கும். பனை இனம் என்றால் வளையமே இருக்காது, புள்ளி புள்ளியாக இருக்கும். அதே புள்ளிகள் பக்கவாட்டில் நீளக் கம்பிகளாக ஓடும்.

இங்கே ஒரு சிக்கல். அரிசோனா மரங்கள் 20 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையவை. ஆறு அடித்துக்கொண்டு வந்து புதைத்த மரங்களுக்குள், எரிமலைச் சாம்பலிலிருந்து கரைந்த சிலிக்கா ஊறி, குவார்ட்ஸ் என்னும் கடினமான கனிமமாகப் படிந்திருக்கிறது. பல துண்டுகளில் செல் அமைப்பு அழிந்து வெறும் நிறம்தான் மிச்சம். சிவப்பு, மஞ்சள், பழுப்பெல்லாம் இரும்பு ஆக்சைடு. கறுப்பும் ஊதாவும் மாங்கனீஸ். அதனால் லென்ஸில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெளிப்பக்கத்தில் பட்டையின் வரிப்பள்ளம், கிளை முளைத்த முடிச்சு, ஒரு பக்கம் மட்டும் வளைந்த முதுகு, இவற்றைத் தேடுங்கள். எடுத்த இடமும் பாதி பதில் சொல்லும்.

அடுத்தது கெட்டித்தன்மை. பேனாக்கத்தியின் முனையை உடைந்த புதுப் பரப்பில் அழுத்தி இழுங்கள். கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் நல்ல குவார்ட்ஸ் மரத்தின் கடினம் 7 ஒட்டி இருக்கும், கத்தி 5.5 அளவில். கல்லில் சாம்பல் நிறக் கோடு விழுந்தால் உடனே சோர்ந்துவிடாதீர்கள், விரலால் துடையுங்கள். துடைத்தால் போகிறது என்றால் அது கத்தியின் உலோகம், கல் தப்பித்தது. பள்ளமாக நிற்கிறது, ஓரத்தில் மாவு உதிர்கிறது என்றால் அந்தத் துண்டு மென்மையானது. உதிர்ந்த மாவில் ஒரு சொட்டு வினிகர் விட்டு நுரைத்தால் கால்சைட், சுண்ணாம்பு வகைக் கனிமம். இரண்டையும் குவார்ட்ஸோடு சேர்த்து உருட்டாதீர்கள்.

இனி நான் அதிகம் நம்பும் சோதனை. துண்டுகளை வாளித் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, எடுத்து ஒரு துணியால் துடைத்து, நிழலில் வையுங்கள். பரப்பு சீக்கிரம் காய்ந்துவிடும். விரிசல் இருக்கும் இடத்தில் மட்டும் தண்ணீர் நின்று, மெல்லிய கறுப்புக் கோடாக வெகுநேரம் தெரியும். கோடு துண்டின் ஒரு பக்கத்தில் நுழைந்து மறுபக்கம் வெளியேறினால், பீப்பாயில் அது அங்கேயே பிளக்கும். முன்கூட்டியே சுத்தியால் தட்டிப் பிரித்துவிடுவது நல்லது. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். எந்த நிலையிலும் உலர்வாக அரைக்காதீர்கள், குவார்ட்ஸ் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

முழுக்கக் கருத்துப்போய் காய மறுக்கும் துண்டு நுண்துளை உள்ளது. எவ்வளவு உருட்டினாலும் மங்கலாகவே நிற்கும். மேலே சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைத் தோல் இருந்தால், அது சொரசொரப்பான பொடியோடு உருட்டும் முதல் கட்டத்திலேயே தேய்ந்து போகிறதா என்று பாருங்கள். போகாவிட்டால் பளபளப்பை எதிர்பார்க்காதீர்கள். குட்டிப் படிகங்கள் நிறைந்த குழி உள்ள துண்டையும் ஒதுக்குங்கள். முதல் கட்டத்துப் பொடி அந்தக் குழிக்குள் ஒளிந்திருந்து மெருகுக் கட்டத்தில் வெளியே வந்து மற்ற எல்லாக் கல்லையும் கீறிவிடும்.

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்கிறேன். வளையம் தெளிவாகத் தெரியும் முழுக் குறுக்குத் துண்டு, முடிச்சு, பூச்சி துளைத்த தடம் உள்ள துண்டு கிடைத்தால் டம்ப்ளரில் போடாதீர்கள். உருண்டையானபின் அது அழகான கூழாங்கல், அவ்வளவுதான். மரம் சொல்ல வைத்திருந்ததெல்லாம் பீப்பாயில் சேரும் சேற்றுக் குழம்போடு போய்விடும். எடுத்த இடத்தைச் சீட்டில் எழுதி ஒட்டி அலமாரியில் வையுங்கள். உருட்டுவதற்கு உடைசல் நிறையக் கிடைக்கிறது.

தேறிய துண்டுகளுக்கு வருவோம். 3 பவுண்டு பீப்பாய் என்றால் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் பெரிய துண்டு ஒன்றிரண்டு போதும், மீதி சிறிசு பெரிசாகக் கலந்திருக்கட்டும். பீப்பாயில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் மேலே நிரப்புங்கள். கல் போதாவிட்டால் குவார்ட்ஸ் வகைக் கல்லான அகேட் துண்டுகளைச் சேர்க்கலாம், கடினம் ஒன்றுதான். 60/90 சிலிக்கான் கார்பைடு அரைப்புப் பொடி (எண் கூடக் கூடப் பொடி நைசாகும்) நான்கு மேசைக்கரண்டி, மேல் வரிசைக் கல்லுக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர். ஒரு வாரம் ஓடியதும் திறந்து ஒவ்வொன்றையும் கழுவிப் பாருங்கள். வடிவம் வந்தது முன்னே போகட்டும், வராதது இன்னொரு வாரம் ஓடட்டும். சில துண்டுகளுக்கு ஒரு மாதம்கூட ஆகும். இந்தக் கட்டத்தில் காட்டும் பொறுமைக்குத்தான் கடைசியில் பலன். அப்புறம் 120/220, பிறகு 500, கடைசியில் அலுமினியம் ஆக்சைடு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு வாரம். 500 முதல் செராமிக் துண்டுகளைத் தாராளமாகச் சேருங்கள். கல்மரம் மோதலில் ஓரம் சிதறும் கல். கட்டம் மாறும்போது பீப்பாய், மூடி, கல் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவுங்கள். குழம்பைச் சிங்க்கில் ஊற்றவே ஊற்றாதீர்கள், குழாய்க்குள் சிமென்ட்டாக இறுகிவிடும். வாளியில் தெளியவிட்டு, காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

மெருகு ஏறியதா என்பதை ஈரத்தில் பார்க்காதீர்கள், ஈரத்தில் எந்தக் கல்லும் மின்னும். நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, ட்யூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடியுங்கள். கல்லின் மேல் விழும் விளக்கின் ஓரம் கூர்மையாகத் தெரிந்தால் சரி. ஓரம் கலங்கலாக இருந்தால் மெருகுப்பொடியை மாற்றிப் பயனில்லை. 500-க்குத் திரும்பிப் போங்கள்.