சுகர் இருக்கிறதா? வாக்கிங் கிளம்பும் முன் சட்டைப்பையைப் பாருங்கள்

சுகர் என்று தெரிந்த அடுத்த வாரமே நான் வாக்கிங் கிளம்பிவிட்டேன். விடியற்காலை, வெறும் வயிறு. காலைச் சாப்பாட்டோடு போட வேண்டிய கிளிமிபிரைடு மாத்திரையை, ‘வந்ததும் சாப்பிடத்தானே போகிறோம்’ என்று முதலிலேயே போட்டுக்கொண்டு, மஞ்சக்குப்பத்திலிருந்து தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்கு வேகமாக நடந்தேன். திரும்பும்போது கை நடுங்கியது, சட்டை தொப்பலாக நனைந்தது. கடலூர் புழுக்கம்தானே என்று நினைத்தேன். டீக்கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “உட்காருங்க சார்” என்று மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார். அவர் அப்பாவுக்கும் சுகராம்.

சாப்பிடாமல் மாத்திரை போட்டு நடந்ததால் சுகர் ரொம்ப இறங்கியிருந்தது. வாக்கிங் போனதில் தப்பில்லை, வரிசைதான் தப்பு. சரியான வரிசை இதோ.

படி 1: டாக்டரிடம் கேளுங்கள்

“நான் போடும் மாத்திரை சுகரை ரொம்ப இறக்கிவிடுமா?” இதுதான் முதல் கேள்வி. மெட்பார்மின் மட்டும் எடுத்தால் பெரும்பாலும் அந்தப் பயம் இல்லை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் இவற்றில் உண்டு. அப்புறம் கண், இதயம், பாத உணர்ச்சி மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். விழித்திரை பாதித்திருந்தால் கனமான எடை தூக்குவதும் சிரசாசனமும் ஆகாது.

படி 2: செருப்பைக் கழற்றாதீர்கள்

மணலில் வெறுங்காலோடு நடந்தால் நல்லது என்று சில்வர் பீச்சில் யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார். அவருக்கு நல்லதாக இருக்கலாம். சுகரால் நரம்பு மரத்துப்போன பாதத்துக்குக் கிளிஞ்சல் கீறியதும் தெரியாது, தூண்டில் முள் ஏறியதும் தெரியாது. புண் பெரிதான பிறகுதான் தெரியும். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போகிறவர்களுக்கும் இதே பேச்சுதான். கிரிவலம் 14 கிலோமீட்டர், வெறுங்காலில். வேண்டுதல் என்றால் நான் தடுக்க முடியாது, ஆனால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் டாக்டரிடம் கேட்காமல் போகாதீர்கள்.

ஷூவைச் சாயங்காலம் போய் வாங்குங்கள். அந்த நேரத்தில் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அதற்குச் சரியாக இருந்தால் எப்போதும் கடிக்காது. போடும் முன் கவிழ்த்துத் தட்டுங்கள். உள்ளே விரலை விட்டுத் தடவியும் பாருங்கள்.

படி 3: பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்

இன்சுலினோ, சுகரை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பது நல்லது. 90-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். 250-க்கு மேல் இருந்து, உடம்பும் சரியில்லை, குமட்டுகிறது என்றால் அன்று நடை வேண்டாம், டாக்டரிடம் பேசுங்கள். தொடையில் இன்சுலின் போட்ட கையோடு நடக்காதீர்கள்; மருந்து சீக்கிரம் ஏறிவிடும்.

சட்டைப்பையில் ஒரு சின்னப் பொட்டலம் சர்க்கரையோ குளுக்கோஸ் பவுடரோ இருக்கட்டும். சாக்லெட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும்.

படி 4: பத்து நிமிடத்தில் தொடங்குங்கள்

முதல் வாரம் சாப்பிட்டபின் பத்து நிமிடம், அவ்வளவுதான். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சுகரை அந்த நேரத்து நடை நன்றாகவே அடக்கும். பிறகு வாரத்துக்கு ஐந்து ஐந்து நிமிடமாகக் கூட்டுங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் எட்டினால் போதும். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விடாதீர்கள், ஏனென்றால் ஒரு நடையின் பலன் ஓரிரு நாளில் கரைந்துவிடும். வேகத்துக்கு மீட்டர் தேவையில்லை: பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது.

புதுச்சேரிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை, தரையும் மேடுபள்ளம் இல்லாதது. நமக்கு ஐப்பசி, கார்த்திகை வந்தால் தெருவெல்லாம் தண்ணீர். அதில் இறங்கி நடக்காதீர்கள். வீட்டுக் கூடத்திலேயே நடக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பத்து முறை, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்து முழங்கையை மடக்கி நீட்டுவதைப் பத்து முறை செய்யுங்கள். வாரத்தில் இரண்டு நாள் இது மழை இல்லாவிட்டாலும் வேண்டும். தசைதான் சர்க்கரையை எரிக்கும் அடுப்பு.

படி 5: நடுங்கினால் நில்லுங்கள்

படபடப்பு, குளிர்ந்த வியர்வை, திடீர்ப் பசி, தலைசுற்றல் வந்தால் ‘வீடு பக்கம்தானே’ என்று நடக்காதீர்கள். உட்கார்ந்து மூன்று ஸ்பூன் சர்க்கரை சாப்பிடுங்கள். 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். 70-க்குக் கீழேயே இருந்தால் மறுபடியும் அதே அளவு. சரியானதும் இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள். நீண்ட தூரம் நடந்த அன்று ராத்திரியிலும் சுகர் இறங்கலாம் என்பதை வீட்டில் சொல்லி வையுங்கள். நெஞ்சு அடைத்தாலோ வலித்தாலோ சர்க்கரையைத் தேட வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

படி 6: வீட்டுக்கு வந்ததும்

பாதத்தைக் கழுவி விரலிடுக்கை ஈரமில்லாமல் துடையுங்கள். குனிய முடியாவிட்டால் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். என் வீட்டில் பழைய ஷேவிங் கண்ணாடி இதற்கென்றே கதவோரம் கிடக்கிறது. கொப்புளம் இருந்தால் குத்தாதீர்கள். டாக்டரிடம் காட்டி, ஆறும்வரை அந்தத் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்த இடத்திலேயே பயிற்சி செய்துகொள்ளுங்கள்.